ட்ரேஸில் ஐஏஎம் சரியாத் தெரியுது, அடுத்த வரியே "மால்ஃபார்ம்டு": கோளாறு எந்த பைட்டில்?

கம்பிவடம்:

வணக்கம். ஒரு பக்கம் கேட்வே, மறுபக்கம் டிரான்சிட் எக்ஸ்சேஞ்ச். நடுவில் இ1 (டிஜிட்டல் லைன்), சிக்னலிங் எஸ்எஸ்7 ஐசப் (அழைப்பை அமைக்க எக்ஸ்சேஞ்சுகள் பேசிக்கொள்ளும் மொழி). உள்வரும் அழைப்புகள் நன்றாக இருக்கின்றன. வெளிச்செல்லும் அழைப்பு ஒன்றுகூடப் போகவில்லை. எம்டிபி2 மட்டத்தில் (லிங்கில் மெசேஜைப் பிழையின்றிக் கடத்தும் அடுக்கு) எடுத்த டம்ப் கீழே. தொலைபேசி எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், நீளத்தைத் தொடவில்லை. ஹெக்ஸில் 10 முதல் 15 வரை வரும் எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே தட்டியிருக்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து போவது:

0000   95 97 22 85 21 84 15 52 25 00 01 00 60 01 0ஏ 00
0010   02 0ஏ 08 03 10 21 43 65 87 09 0எஃப் 0ஏ 07 03 13 90
0020   78 56 34 12 00

மறுமுனையிலிருந்து வருவது:

0000   97 96 0டி 85 56 48 08 51 25 00 0சி 02 00 02 84 9சி

டிகோடர் முதல் மெசேஜை ஐஏஎம் (அழைப்பைத் தொடங்கும் மெசேஜ்) என்கிறது. டிபிசி (சேரும் இடத்தின் பாயின்ட் கோடு) 21-132-33, ஓபிசி (புறப்பட்ட இடத்தின் பாயின்ட் கோடு) 0-37-82, சிஐசி (சர்க்யூட் எண்) 8192, அழைப்பவர் வகை சாதாரண சந்தாதாரர். அதன்பின் "மால்ஃபார்ம்டு" (வடிவம் கெட்டது). இரண்டாவதை எஸ்ஏஎம் என்கிறது, சிஐசி 2. மறுமுனைக்காரர்கள் "உங்கள் மெசேஜ் லைனிலேயே உடைந்து வருகிறது, இ1 கேபிளைப் பாருங்கள்" என்கிறார்கள். கேபிளை மாற்றியும் ஆகிவிட்டது.

நிபிள்முத்து:

கேபிளை விடுங்க. இந்த மெசேஜ் உடையவே இல்லை, அதற்கான சாட்சி உங்க ட்ரேஸிலேயே இருக்கு.

முதல் மூணு பைட்டைப் பாருங்க. 95: மேல் பிட் பிஐபி (மறு அனுப்பல் கேட்கிற பிட்), மிச்சம் ஏழு பிட் பிஎஸ்என் (கடைசியா வாங்கின யூனிட்டின் நம்பர்), அதாவது 21. 97: எஃப்ஐபி (பிஐபிக்கு ஜோடி பிட்) 1, எஃப்எஸ்என் (இந்த யூனிட்டின் நம்பர்) 23. மூணாவது 22, இதுதான் லெங்த் இண்டிகேட்டர், டெசிமலில் 34. அதுக்கப்புறம் எத்தனை பைட் இருக்குன்னு எண்ணுங்க: முதல் வரியில் 13, ரெண்டாவதில் 16, மூணாவதில் 5. கூட்டினா 34. கச்சிதம்.

இனி பதிலின் முதல் பைட் 97, அதாவது பிஎஸ்என் 23. "உங்க 23ஆம் நம்பர் யூனிட்டை முழுசா வாங்கிட்டேன்"னு மறுமுனை எம்டிபி2 கையெழுத்துப் போட்டிருக்கு. லைனில் உடைஞ்சிருந்தா சிஆர்சி (பிழை சோதிக்கிற பைட்டுகள்) தேறாது, இந்த 23 திரும்பி வராது, பிஐபி புரண்டு மறு அனுப்பல் கேட்டிருக்கும்.

உங்க டிகோடர் ஆன்சி (அமெரிக்கத் தரம்) முறையில் நிக்குது. இது ஐடியு (சர்வதேசத் தரம்) ட்ரேஸ்.

ஒரு எச்சரிக்கை: லெங்த் இண்டிகேட்டருக்கு ஆறு பிட்தான். 63க்கு மேல் எவ்வளவு நீளமானாலும் அங்கே 3எஃப்னுதான் நிக்கும். பெரிய எஸ்சிசிபி (எஸ்எஸ்7இன் இன்னொரு அடுக்கு) மெசேஜில் இந்தக் கணக்கை வெச்சு "பைட் காணோம்"னு சொல்லிடாதீங்க. பன்னிரண்டு பிட் வரிசை எண் போட்ட அதிவேக லிங்கில் தலைப்பே மூணு பைட் இல்லை, ஆறு பைட்.

கம்பிவடம்:

நன்றி சார். ஆனால் ஒரு சந்தேகம். முறை தப்பு என்றால் எல்லாமே குப்பையாக வர வேண்டும் இல்லையா? மெசேஜ் வகை ஐஏஎம் என்று சரியாகத்தானே சொல்கிறது? சாதாரண சந்தாதாரர் என்பதும் சரி. இரண்டும் தற்செயலாகப் பொருந்துமா?

நிபிள்முத்து:

பொருந்தும். இந்த ட்ரேஸில் பொருந்தித்தான் உங்களை ஏமாத்தியிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். 85 சேவை பைட், அதுக்கு அடுத்ததிலிருந்து:

ஐடியு: 21 84 15 52 ரூட்டிங் லேபல் (யாருக்கு, யாரிடமிருந்து). 25 00 சிஐசி. 01 மெசேஜ் வகை. 00 இணைப்பின் தன்மை. 60 01 முன்னோக்கு அழைப்புக் குறிகள். 0ஏ அழைப்பவர் வகை. 00 ஊடகத் தேவை, பேச்சு. 02 0ஏ பாயின்டர்கள் (அடுத்த பகுதி எவ்வளவு தள்ளி இருக்குன்னு சொல்ற பைட்டுகள்).

ஆன்சி: 21 84 15 டிபிசி. 52 25 00 ஓபிசி. 01 எஸ்எல்எஸ் (லிங்க் தேர்வு எண்). 00 60 சிஐசி. 01 மெசேஜ் வகை. 0ஏ இணைப்பின் தன்மை. 00 02 முன்னோக்குக் குறிகள். 0ஏ அழைப்பவர் வகை. 08 03 10 பாயின்டர்கள்.

ஆன்சி லேபல் ஏழு பைட், ஐடியு லேபல் நாலு. மூணு பைட் நழுவுது. நழுவின இடத்தில் முன்னோக்குக் குறியின் ரெண்டாவது பைட் 01 உட்கார்ந்திருக்கு, அதை ஐஏஎம்னு வாசிக்குது. அதே மாதிரி ஆப்ஷனல் பகுதிக்கான பாயின்டர் 0ஏ, அழைப்பவர் வகை இடத்தில் விழுந்து "சாதாரண சந்தாதாரர்" வேஷம் போடுது. பிறகு முதல் பாயின்டர் 08. அதிலிருந்து எட்டாவது பைட் 0எஃப், "நீளம் 15"னு எடுத்துக்குது. அங்கிருந்து மெசேஜில் மிச்சம் 10 பைட்தான். அதான் மால்ஃபார்ம்டு.

வேஷத்தைக் கலைக்கிற தடயங்களும் அங்கேயே இருந்தது. ஆன்சியில் நெட்வொர்க் எண் 0 கிடையாது, உங்க ஓபிசி 0-37-82. சிஐசி பைட் 60இல் வெறுமையா இருக்கவேண்டிய மேல் பிட் ஒண்ணு எழுந்து நிக்குது. போனது சிஐசி 8192, வந்தது சிஐசி 2; ஒரே அழைப்புக்கு ரெண்டு சர்க்யூட் எப்படி? எல்லாத்துக்கும் மேல, மறுமுனை எஸ்ஏஎம் அனுப்புதாம். எஸ்ஏஎம் மிச்ச இலக்கங்களை முன்னே தள்ளுற மெசேஜ். அழைப்பை வாங்கின எக்ஸ்சேஞ்ச் அதை அனுப்ப வேலையே இல்லை. அந்த பதிலில் 02ஆ மெசேஜ் வகை? இல்லை. 25 00 சிஐசி, அடுத்தது 0சி. அது ரிலீஸ்.

லிங்க்செட்:

முத்து சொன்னது சரி. பாயின்ட் கோடைக் கையால் பிரிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் குழப்பம் முதல் நிமிடத்திலேயே தீர்ந்திருக்கும். பலரும் தடுக்குவது இதில்தான் என்பதால் விரித்தே எழுதுகிறேன்.

ஐடியு லேபலில் 32 பிட்: டிபிசி 14, ஓபிசி 14, எஸ்எல்எஸ் 4. கீழ் பைட் முதலில் வரும். 21 84 15 52 என்று வந்தால் மனதில் 52 15 84 21 என்று புரட்டிக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும்.

டிபிசி: 84இன் கீழ் ஆறு பிட் 04, அதோடு 21. சேர்த்தால் 0421, டெசிமலில் 1057.

ஓபிசி: 84இன் மேல் இரண்டு பிட் 2. 15ஐ நான்கால் பெருக்கினால் (15 என்பது ஹெக்ஸ், அதாவது 21) 84. 52இன் கீழ் நிபிள் (பைட்டின் பாதி, நாலு பிட்) 2, அதை 1024ஆல் பெருக்கினால் 2048. கூட்டினால் 2134. நடுவில் வரும் "84" டெசிமல், மேலே உள்ள பைட் 84 அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது இந்த எடுத்துக்காட்டின் சாபம்.

எஸ்எல்எஸ்: 52இன் மேல் நிபிள், 5.

3-8-3 வடிவில் (14 பிட்டை 3, 8, 3 ஆக வெட்டி) எழுதினால் டிபிசி 0-132-1, ஓபிசி 1-10-6. உங்கள் கான்ஃபிகரேஷன் தாளில் இந்த எண்கள் இருக்கிறதா பாருங்கள்.

பதிலின் லேபல் 56 48 08 51. அதே வெட்டு: டிபிசி 2134, ஓபிசி 1057. தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. போன மெசேஜின் ஓபிசி வந்த மெசேஜின் டிபிசியாக மாறினால்தான் உங்கள் வெட்டு சரி. தவறான முறையில் பிரித்திருந்தால் இந்தக் கண்ணாடிப் பொருத்தம் கிடைக்காது.

இன்னொரு உரைகல்: சிஐசி 25 00, புரட்டினால் 0025, அதாவது 37. அதன் கீழ் நிபிள் 5, எஸ்எல்எஸும் 5. ஐடியு ஐசப்பில் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் எஸ்எல்எஸை சிஐசியின் கடைசி நாலு பிட்டிலிருந்துதான் எடுக்கின்றன. பிசிஎம்முக்கு (அதாவது ஒரு இ1க்கு) 32 என்று எண்ணும் இடங்களில் 37 என்பது பிசிஎம் 1, டைம்ஸ்லாட் 5.

கம்பிவடம்:

1057, 2134 இரண்டும் தாளில் இருக்கின்றன. ஐடியுவுக்கு மாற்றினேன், மால்ஃபார்ம்டு போய்விட்டது. இப்போது பதில் "ரிலீஸ், காஸ் 28" என்று வருகிறது. அழைத்த எண் 1234567890, சரியாகவே காட்டுகிறது.

பிஆர்ஐ (ஐஎஸ்டிஎன் லைன்) பக்கம் கேட்வேக்குள் வரும் செட்அப்பிலும் (அங்கே அழைப்பைத் தொடங்கும் மெசேஜ்) எண் சரி:

70 0பி ஏ1 31 32 33 34 35 36 37 38 39 30

உள்ளே வருவது சரி, வெளியே போவதும் டிகோடரில் சரி. பிறகு ஏன் 28?

லிங்க்செட்:

84 9சி: முதல் பைட் இடம், 4 என்றால் அழைக்கப்பட்டவரின் பொது நெட்வொர்க். 9சியில் மேல் பிட்டைக் கழித்தால் 1சி, அதாவது 28, எண் வடிவம் தவறு அல்லது எண் முழுமையில்லை. அந்த 84ஐ நம்பினால் நிராகரித்தது பக்கத்து டிரான்சிட் இல்லை, அதற்கும் அப்பால் இருக்கும் எக்ஸ்சேஞ்ச். (ஆனால் இட பைட்டைச் சோம்பேறித்தனமாக ஒரே மதிப்பில் நிரப்பும் கருவிகளும் உண்டு.)

28க்கு வழக்கமான காரணம் நேச்சர் ஆஃப் அட்ரஸ் (எண் எந்த வகை என்ற குறி). நேஷனல் என்று குறித்துவிட்டு எண்ணுக்கு முன் 0 வைத்து அனுப்புவது, அல்லது இன்டர்நேஷனல் என்று குறித்துவிட்டு 00 வைப்பது. எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், உண்மையான எண்ணில் முதலில் 0 இருந்ததா?

கம்பிவடம்:

இல்லை. பத்து இலக்கம், முதல் இலக்கம் 0 இல்லை.

பதினாறடிமானம்:

0 தேட வேண்டாம் லிங்க்செட். அழைத்த எண்ணின் பைட்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள்:

08 03 10 21 43 65 87 09 0எஃப்

08 நீளம். 10 ஐஎஸ்டிஎன் எண் திட்டம். 21 43 65 87 09 என்பது நிபிள் புரட்டினால் 1234567890. கடைசி 0எஃப்: கீழ் நிபிள் எஃப், அதாவது எஸ்டி, இலக்கங்கள் முடிந்தன என்ற குறி. மேல் நிபிள் 0, இட நிரப்பி.

ஐசப்பில் எஸ்டியும் ஒரு முகவரிக் குறி. எண்ணிக்கையில் அதுவும் சேரும். பத்தும் ஒன்றும் பதினொன்று, ஒற்றைப்படை. அப்படியானால் நேச்சர் ஆஃப் அட்ரஸ் பைட்டின் மேல் பிட் 1 ஆக இருந்து 83 என்று வர வேண்டும். உங்கள் ட்ரேஸில் 03. அதாவது "இரட்டைப்படை, கடைசி நிபிளும் உண்மையான இலக்கம்" என்று சொல்கிறீர்கள். மறுமுனைக்கு இது பன்னிரண்டு குறி: 1234567890, எஸ்டி, பிறகு ஒரு 0. முடிந்தது என்று சொன்னபின் இன்னொரு இலக்கம். சில எக்ஸ்சேஞ்சுகள் எஸ்டிக்குப் பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. கண்டிப்பானவை 28 கொடுத்துத் திருப்பி அனுப்பும்.

உங்கள் டிகோடர் எஃப் வந்ததும் நின்றுவிடுகிறது போல, அதனால்தான் எண் சரியாகத் தெரிகிறது. பைட் இருக்கும் இடம் ஆஃப்செட் 0013, இரண்டாம் வரியில் நான்காவது.

பிஆர்ஐ பக்கத்தில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. அங்கே ஒரு இலக்கத்துக்கு ஒரு பைட், 31 என்றால் 1, 30 என்றால் 0. 0பி நீளம் 11: வகை பைட் ஒன்று, இலக்கம் பத்து. ஒற்றை இரட்டை என்ற பேச்சே இல்லை, எஸ்டியும் இல்லை. கேட்வே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது முதலில் பிட்டைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு எஸ்டியை ஒட்டியிருக்கிறது. வரிசை மாறிப்போன கணக்கு, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க எளிய வழி: பதினோரு இலக்க எண் ஒன்றை அனுப்புங்கள். அப்போது 83 வந்து, எஸ்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு குறி இருக்கும். கடைசி பைட்டின் மேல் நிபிளில் எஃப் இருக்கும். 83 என்றதும் மறுமுனை அந்த நிபிளை நிரப்பி என்று விட்டுவிடும், எஸ்டி காணாமல் போகும்.

லிங்க்செட்:

சரிதான், 03ஐ நேஷனல் என்று வாசித்ததோடு நான் நின்றுவிட்டேன். ஒரே பைட்டில் இரண்டு சேதி இருக்கும் இடங்களில் கண் இப்படித்தான் பாதியில் திரும்பும்.

ஆனால் எஸ்டியே எதற்கு? பத்து இலக்கம் என்று மறுமுனைக்குத் தெரிந்த வழித்தடம். எஸ்டியை எடுத்துவிட்டால் 03 தானாகச் சரியாகிவிடுமே.

பதினாறடிமானம்:

ஆகும். ஆனால் மூன்று இடம் சேர்ந்து மாற வேண்டும்: 0எஃப் போகும், எண்ணின் நீளம் 08இலிருந்து 07, ஆப்ஷனல் பாயின்டர் 0ஏயிலிருந்து 09. எம்டிபி2 நீளமும் 21 ஆகும். கேட்வே இதையெல்லாம் தானே கணக்கிட்டால் நல்லது. பாயின்டரை மட்டும் பழையபடி விட்டுவிட்டால் அழைப்பவர் எண் ஒரு பைட் தள்ளி வாசிக்கப்படும். 0ஏ என்ற பெயர் பைட்டுக்குப் பதில் 07 என்ற நீளத்தைப் பெயராக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. மறுமுனைக்கு எண் நீளம் தெரியாத வழித்தடமானால் எஸ்டி இல்லாமல், இன்னும் இலக்கம் வருமா என்று அது டைமர் ஓட்டிக் காத்திருக்கும். அழைப்பு போகும், ஆனால் ரிங் கேட்க அவ்வளவு நேரம் மௌனம். அதனால் பிட்டைத் திருத்துவதே என் தேர்வு.

நிபிள்முத்து:

பாயின்டர் எண்ணும் விதத்தையும் சொல்லிடுறேன், புதுசா வர்றவங்க ஒண்ணு தள்ளி எண்ணிடுவாங்க. பாயின்டர் தன் இடத்திலிருந்தே எண்ணும், தன்னை 0ஆ வெச்சு. 02 இருக்கிற இடம் 0, அடுத்த 0ஏ 1, அதுக்கடுத்த 08 2. அதான் அழைத்த எண்ணின் நீளம். ரெண்டாவது பாயின்டர் 0ஏ தன் இடத்திலிருந்து 10 தள்ளி, 0எஃப் முடிஞ்ச உடனே வர்ற 0ஏ மேல போய் நிக்கும். அதுதான் அழைப்பவர் எண் பாராமீட்டர், நீளம் 07. கடைசி 00 ஆப்ஷனல் பகுதியின் முடிவு. ரிலீஸில் 02 00ன்னு இருக்கே, அந்த 00 "ஆப்ஷனல் எதுவும் இல்லை"ன்னு அர்த்தம்.

கம்பிவடம், ரிலீஸ் வாங்கினதும் உங்க கேட்வே ஆர்எல்சி (ரிலீஸ் முடிஞ்சதுங்கிற பதில்) அனுப்புதா? சிஐசிக்கு அப்புறம் 10 00 வரணும். வரலைன்னா மறுமுனையில் டி1 டைமர் ஓடி (15 முதல் 60 விநாடி) ரிலீஸை மறுபடி மறுபடி அனுப்பும், அந்த சர்க்யூட் முடங்கிக் கிடக்கும்.

கம்பிவடம்:

அனுப்புகிறது: 85 21 84 15 52 25 00 10 00.

யாழ்சிக்னல்:

நல்ல இழை. எங்கட பக்கம் எம்3யூஏதான் (ஐபிக்கு மேல ஓடுற எஸ்எஸ்7), அங்கையும் இதே ஐசப் பைட்டுகள் வரும், ஆனா லேபல் வேற மாதிரி. ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களோ? எங்களுக்கு ஓபிசியும் டிபிசியும் மாறிமாறி விளங்குது.

மற்றது, ஐஎம்எஸ்ஐ (சிம்மின்ர அடையாள எண்) தேடேக்க ஒரு ட்ரேஸில 49 31 எண்டும், இன்னொண்டில 14 எண்டும் வருது. ரெண்டும் ஒரே சிம்.

நிபிள்முத்து:

எம்3யூஏவில் புரட்டல் வெட்டல் எதுவும் இல்லை. 02 10ன்னு தொடங்குற பாராமீட்டர், ரெண்டு பைட் நீளம், அப்புறம் நாலு நாலு பைட்டா பாயின்ட் கோடு. முதல்ல ஓபிசி, அப்புறம்தான் டிபிசி. எம்டிபி3 (மேலே பார்த்த ரூட்டிங் அடுக்கு) லேபலுக்கு நேர் எதிர் வரிசை, உங்க குழப்பம் அதிலிருந்துதான். மேலே உள்ள அழைப்பே எம்3யூஏவில் வந்தா இப்படி இருக்கும்:

00 00 08 56   00 00 04 21   05 02 00 05   25 00 01 ...

05 ஐசப், 02 நேஷனல், 00 முன்னுரிமை, 05 எஸ்எல்எஸ். அடுத்து வர்ற சிஐசி மட்டும் ஐசப்புக்குச் சொந்தம், அதனால் அது இன்னமும் கீழ் பைட் முதலில். ஒரே வரிக்குள்ள ரெண்டு வழக்கம். பாராமீட்டர் நீளத்தில் கடைசி நிரப்பு பைட் சேராது, மெசேஜ் நீளத்தில் சேரும். நம்ம ஐசப் பகுதி 29 பைட், அதனால் பாராமீட்டர் 45, அதாவது 2டி, நிரப்பு மூணு.

பதினாறடிமானம்:

ஐஎம்எஸ்ஐக்கு நான் சொல்கிறேன். இலங்கையின் எம்சிசி (நாட்டுக் குறியீடு) 413.

ரேடியோ பக்கத்து மெசேஜில் முதல் பைட்டின் மேல் நிபிளில் முதல் இலக்கம் 4. கீழ் நிபிள் 9 என்பது ஒற்றைப்படை பிட்டும் ஐஎம்எஸ்ஐ வகையும். அதனால் 49. அடுத்து 1, 3 புரண்டு 31.

எம்ஏபியில் (மொபைல் நெட்வொர்க்கின் உள் சிக்னலிங்) வகை நிபிள் இல்லை. நேராக 4, 1 புரண்டு 14. அடுத்த பைட்டின் கீழ் நிபிளில் 3.

நெட்வொர்க் அடையாளமாக மட்டும் வந்தால் 14 எஃப்3, பிறகு எம்என்சி (நெட்வொர்க் எண்) இரண்டு இலக்கம். அந்த எஃப், மூன்றாம் எம்என்சி இலக்கம் இல்லை என்பதற்கு.

இந்தியாவின் 404க்கு முறையே 49 40, 04, 04 எஃப்4. 405க்கு 49 50, 04, எம்என்சி இரண்டு இலக்கமானால் 04 எஃப்5. தேடல் பெட்டியில் ஒரு வடிவத்தை மட்டும் போட்டுவிட்டு "ட்ரேஸில் சிம் இல்லை" என்று முடிவெடுக்கக் கூடாது.

யாழ்சிக்னல்:

இப்ப விளங்குது. நன்றி அண்ணை.

லிங்க்செட்:

டம்ப்பை வயர்ஷார்க் (ட்ரேஸைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) உள்ளே கொண்டுபோக டெக்ஸ்ட்2பிகேப் போதும். 95இலிருந்து தொடங்கினால் இணைப்பு வகை 140, எம்டிபி2. கருவி எம்டிபி2ஐ உரித்துவிட்டு 85இலிருந்து கொடுத்தால் 141, எம்டிபி3. இதை மாற்றிப் போட்டால் 95ஐ சேவை பைட் என்று நினைத்து வாசிக்கும். பிறகு ப்ரிஃபரன்சஸில் எம்டிபி3 தரத்தை ஐடியு என்று வையுங்கள்.

இயல்பு அமைப்பில் இடப்பக்க ஆஃப்செட் கட்டாயம் இருக்க வேண்டும். ஆஃப்செட் மறுபடி 0 ஆனால்தான் புது மெசேஜ் தொடங்கும். நகலெடுக்கும்போது அந்தப் பத்தி போய்விட்டால் பைட்டுகளையே ஆஃப்செட்டாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். தலைகீழாகவும் நடக்கும்: கையால் எண்ணுபவர்கள் இரண்டாம் வரியின் 0010ஐ 00 10 என்று தரவோடு சேர்த்துவிடுவார்கள். சில கார்டுகள் முடிவில் சிஆர்சி இரண்டு பைட்டையும் சேர்த்துத் தரும், நீளத்தோடு ஒப்பிட்டால் இரண்டு கூடுதலாக நிற்கும்.

கம்பிவடம்:

பதினொரு இலக்கச் சோதனை செய்தேன். சொன்னபடியே 83 வந்தது, கடைசி பைட் மேல் நிபிளில் எஃப். கேட்வேயில் "எஸ்டி சேர்" என்ற அமைப்பை எடுத்துவிட்டுப் பத்து இலக்கத்தை அனுப்பினேன். நீளம் 07, பாயின்டர் 09, அதைத் தானே மாற்றிக்கொண்டது. பதில்:

85 56 48 08 51 25 00 06 16 14 00

06 ஏசிஎம் (எண் முழுமையாக வந்தது என்ற பதில்) என்று தெரிகிறது. ரிங் உடனே கேட்கிறது, மௌனம் எதுவும் இல்லை. 16 14 சரியா?

நிபிள்முத்து:

சரி. 16ஐ பிட்டாப் பிரிச்சா 00 01 01 10. வலப்பக்கத்திலிருந்து: 10 கட்டணம் உண்டு, 01 சந்தாதாரர் காலியா இருக்கார், 01 சாதாரண சந்தாதாரர். 14இல் ரெண்டு பிட் எழுந்திருக்கு: வழி முழுக்க ஐசப், முடிவில் ஐஎஸ்டிஎன்.

03 இருக்கிற பழைய ட்ரேஸை அழிச்சிடாதீங்க. கேட்வே தயாரிச்சவங்களுக்குப் பழைய ஐஏஎம், பதினொரு இலக்க ஐஏஎம் ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க, ஆஃப்செட் 0013ஐக் குறிச்சு. டிகோட் பண்ணின படத்தை அனுப்பினா "எண் சரியாத்தானே இருக்கு"ன்னு மூடிடுவாங்க, ஹெக்ஸையே அனுப்புங்க.